முத்தம்மாவுக்கு ஒரு கார்டியன்

"அப்பாவையோ அம்மாவையோ கூட்டிட்டு வாங்க" என்றார் காலேஜ் ஆபீஸ் கிளார்க் எபினேசர், தலையை நிமிர்த்தாமல்.

"இல்லீங்க சார்."

"வேலைக்குப் போயிருந்தா நாளைக்கு வரச் சொல்லுங்க."

"செத்துட்டாங்க சார். அப்பா போயி பத்தொம்போது வருசம். அம்மா போயி ஏழு வருசம்."

எபினேசர் இப்போது நிமிர்ந்து பார்த்தார். கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் நின்றவளுக்கு நாற்பத்து நாலு வயது. காதோரம் நரை. கையில் சாப்பாட்டுக் கூடை, கழுத்தில் மாணவர் அடையாள அட்டை.

"ரொம்ப வருத்தம்மா" என்றார் எபினேசர். "அப்ப கார்டியன் யாராவது இருக்காங்களா?"

முத்தம்மா கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பாட்டில் மூடி செய்யும் கம்பெனியில் ஒன்பது வருடமாக பேக்கிங் லைனில் இருக்கிறாள். லைன் சூப்பர்வைசர் வேலை காலியானபோது, "உங்களுக்குக் குடுக்க ஆசதான், ஆனா டிப்ளமா இருக்கணுமே" என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அடுத்த வருடமும் அந்த இடம் காலியாகும் என்றும் சொன்னார். முத்தம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். சமுதாயக் கல்லூரியில் தரப் பரிசோதனை டிப்ளமா, ஒரு வருடம். காலையில் வகுப்பு, மதியம் இரண்டு மணிக்கு செகண்ட் ஷிப்ட். ஃபீஸ் பதினெட்டாயிரம். அதை உதவித்தொகை பார்த்துக்கொள்ளும். ஜூனில் அவள் சேர்ந்தபோது அதற்குக் கேட்டது ஒரு கையெழுத்தும் இரண்டு போட்டோவும்தான்.

ஆகஸ்டில் விதி மாறிவிட்டது.

"எல்லா மாணவருக்கும் பெற்றோர் அல்லது பாதுகாவலர் கட்டாயம்னு போட்டிருக்கு" என்று எபினேசர் சுற்றறிக்கையைக் காட்டினார். "இத எழுதினவங்க பதினெட்டு வயசுப் பசங்கள நெனச்சு எழுதியிருக்காங்க. உங்கள நெனைக்கல. இல்லன்னா முழு ஃபீஸையும் நீங்கதான் கட்டணும்."

"ஊட்டுக்காரரு கீறாரு சார்."

"நல்லதாப் போச்சு. எங்க வேலை?"

"தடாவுல. அட்டப்பொட்டி கம்பெனி."

எபினேசரின் முகம் சுருங்கியது. "அது ஆந்திராவாச்சேம்மா. கார்டியனோட வருமானம் இந்த மாநிலத்துக்குள்ள இருக்கணும்."

"தெனம் ஊட்டுக்குத்தான் சார் வர்றாரு."

"அவர் வர்றாரு. அவர் வருமானம் அங்க இருக்கே."

அன்று வீட்டில் விஷயத்தைக் கேட்ட தாவீது, சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தார். கட்டிய பெண்டாட்டிக்கு, எல்லைக்கு அந்தப் பக்கம் சம்பளம் வாங்குகிற ஒரே காரணத்தால் தான் யாரோ ஆகிவிட்டது அவருக்கு முதலில் வருத்தமாக இருந்தது. அப்புறம் அதில் ஒரு சௌகரியமும் தெரிந்தது.

"சாம்சனக் கேளு. நான் இதுல தலையிட முடியாது" என்றார். "நான் ஆந்திரா."

சாம்சன் அவர்களுடைய ஒரே மகன். இருபத்தைந்து வயது. சோழவரத்தில் பார்சல் குடோனில் ஸ்கேன் போடுகிற வேலை, மாதம் பதினாலாயிரத்து ஐந்நூறு. வருமான வரம்புக்கு நன்றாகக் கீழே இருந்தான். வருமானச் சான்றிதழ் ஒன்பதே நாளில் வந்துவிட்டது. அம்மாவும் மகனும் ரயிலடிப் பக்கம் இருந்த நந்தினியின் பிரவுசிங் சென்டருக்குப் போனார்கள்.

நந்தினி மளமளவென்று தட்டிக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றாள்.

"அக்கா, கார்டியனுக்கு நீங்க இன்னா உறவுன்னு கேக்குது. ரெண்டுதான் காட்டுது. மகன், மகள்."

"அம்மான்னு போடும்மா."

"அது இல்லக்கா."

"கீழ இஸ்துப் பாரேன்."

"இஸ்துட்டேன். ரெண்டோட முடிஞ்சிபோச்சு."

"'மற்றவை'ன்னு ஒண்ணு இருக்குமே?" என்றான் சாம்சன்.

"போன வருசம் இருந்துச்சுண்ணா. எடுத்துட்டாங்க." நந்தினி மவுஸின் மேல் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பின்னால் எட்டுப் பேர் வரிசையில் நின்றிருந்தார்கள். "மகன்னு போடட்டுமா, மகள்னு போடட்டுமா?"

முத்தம்மா நிஜமாகவே யோசித்தாள்.

"மகள்னே போடு. பொம்பளன்றதாச்சும் சரியா இருக்கட்டும்."

"வயசு இடிக்காதா?" என்றான் சாம்சன்.

"வயச வேற பக்கத்துல கேக்குது. ரெண்டையும் சேத்துப் பாக்கிற மாதிரி தெரியல."

சேர்த்துப் பார்க்கவில்லை. விண்ணப்பம் ஏற்கப்பட்டது. வெளியே வந்து இருவரும் ஆளுக்கொரு கரும்புச்சாறு குடித்தார்கள். பிரச்சினை தீர்ந்தது என்று முத்தம்மா நினைத்தாள்.

மூன்றாம் நாள் காலை பத்தேகாலுக்கு சாம்சனுடைய போனுக்கு ஒரு செய்தி வந்தது.

'அன்புடையீர், உங்கள் மகள் முத்தம்மா இன்று முதல் பாடவேளைக்கு வரவில்லை. உரிய நடவடிக்கை எடுக்கவும்.'

சாம்சன் ஸ்கேனரைக் கீழே வைத்துவிட்டு போன் போட்டான்.

"எங்கம்மா கீற?"

"டிரெயின்லதான்டா. கவரப்பேட்டையில அரமணியா நிக்கிது. இன்னா விசயம்?"

"காலேஜ்லேருந்து மெசேஜ் வந்துகீது. நீ வரலன்னு."

"அதுக்குள்ள போட்டுக் குடுத்துட்டாங்களா?" என்றாள் முத்தம்மா, பிடிபட்ட குரலில்.

உரிய நடவடிக்கை எது என்று சாம்சனுக்குத் தெரியவில்லை. எழுபத்தைந்து சதவீதம் வருகை இல்லாவிட்டால் உதவித்தொகை நிற்கும் என்று மட்டும் தெரிந்தது. மறுநாளிலிருந்து ஐந்தரைக்கு அலாரம் வைத்தான். அனுப்பம்பட்டு ஸ்டேஷனில் அம்மாவை முந்தின ரயிலுக்கே கொண்டுபோய் விட்டான். முந்தின ரயிலில் போனதால் முத்தம்மாவுக்குத் தூக்கம் போதவில்லை. அதனால் வகுப்பில் தூங்கினாள். அதற்கும் செய்தி வந்தது.

'உங்கள் மகள் முத்தம்மா வகுப்பில் கவனக்குறைவாக உள்ளார்.'

"போன்ல சீரியல் பாக்கிறத நிறுத்து" என்றான் சாம்சன்.

"டிரெயின்லதான பாக்கிறேன்?"

"டிரெயின்ல தூங்கு. கிளாஸ்ல முழிச்சிகினு இரு."

"நீ சின்னப் புள்ளையில தூங்காத தூக்கமாடா?"

"அப்ப எனக்கு யாரும் ஸ்காலர்சிப் தரல."

முத்தம்மா கணவனைப் பார்த்தாள். தாவீது கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார். "ஆந்திரா" என்று மட்டும் சொன்னார்.

செப்டம்பரில் விதி இன்னொரு தடவை மாறியது. பாதுகாவலர் மாதம் ஒரு முறை நேரில் வந்து கையெழுத்திட வேண்டும். வராவிட்டால் அந்த மாதத் தொகை கிடையாது. சாம்சன் லீவு போட்டான். லீவு போட்டதால் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் வருகை போனஸ் போய்விட்டது. உதவித்தொகையை மாதக் கணக்கில் பிரித்துப் பார்த்தால் அதுவும் ஆயிரத்து ஐந்நூறுதான் வந்தது. இந்தக் கணக்கை இருவருமே போட்டார்கள். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை.

கையெழுத்துக்கான பெற்றோர் கூட்டத்தில் பதினாலு பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். வகுப்பு ஆசிரியை பூமிகாவுக்கு சாம்சனைவிட ஒரு வயதுதான் கூட இருக்கும். பாரத்தில் எழுதியிருப்பதை நம்புகிறவள்.

"முத்தம்மாவோட பேரன்ட்?"

சாம்சன் எழுந்து நின்றான்.

"உக்காருங்க. நல்லாப் படிக்கக் கூடியவங்கதான் சார். ஆனா மூணாவது பீரியட்லயே சாப்பாட்டக் கெளறி பக்கத்துல இருக்கிற பசங்களுக்கெல்லாம் உருண்ட புடிச்சுக் குடுக்கிறாங்க. கிளாஸே நடத்த முடியல, ஒரே கருவாட்டு வாசன."

"சாரி மேடம்."

"கணக்குல இருபத்தஞ்சுக்கு ஒம்போது. சதவீதம் போடச் சொன்னா விரல் விட்டு எண்றாங்க. ஊட்ல கண்டிக்கிறதில்லியா?"

"கண்டிக்கிறேன் மேடம்."

"ரொம்பச் செல்லம் குடுக்காதீங்க."

பக்கத்தில் தலை குனிந்து நின்றிருந்த முத்தம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "பசங்க நாஷ்டா கூட துன்னாம வர்றாங்க நைனா. பாத்துகினு எப்படித் துன்றது? சொல்லு நைனா."

அந்தப் பக்கத்தில் பெற்ற பிள்ளையைச் செல்லமாக நைனா என்பார்கள். தெலுங்கில் அப்பாவுக்கும் அதுதான் சொல். பூமிகாவுக்குக் கொஞ்சநஞ்சம் சந்தேகம் இருந்திருந்தால் அதுவும் அந்த நிமிடத்தோடு போய்விட்டது.

"பாருங்க, அப்பாவ எப்படி மடக்கிறாங்கன்னு" என்றாள்.

"இனிமே நல்லாப் படிப்பாங்க மேடம். நான் பொறுப்பு" என்று சாம்சன் பதினாலு பேர் முன்னிலையில் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டான்.

சொன்னதைச் செய்தும் காட்டினான். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும் அம்மாவைச் சமையலறைக்குள் விடாமல் நோட்டோடு உட்கார வைத்தான். சமையல் தாவீதிடம் போனது. அது மாநில எல்லைக்குள் வருகிற விஷயம் என்பதால் அவரால் மறுக்க முடியவில்லை. நூறு மூடியில் ஏழு மூடி விரிசல் என்றால் எத்தனை சதவீதம், இருநூற்று ஐம்பதில் ஏழு என்றால் எத்தனை என்று குடோன் பார்சலை வைத்து, பாட்டில் மூடியை வைத்து, கடைசியில் உளுந்து வடையை வைத்துச் சொல்லிக் கொடுத்தான். ஒரு ஞாயிறு முத்தம்மாவுக்கு அது சட்டென்று பிடிபட்டது. ஒன்பது வருடமாக அந்த மூடிகளைக் கண்ணாலேயே தள்ளிக்கொண்டிருந்தவள், அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது என்று தெரிந்ததும் வாய் விட்டுச் சிரித்தாள்.

அடுத்த டெஸ்டில் பதினெட்டு எடுத்தாள். அந்தத் தாளை சாம்சன் குடோனுக்குக் கொண்டுபோய் எல்லோரிடமும் காட்டினான்.

இதற்கு நடுவில்தான் சாம்சனுக்கு ஒரு வரன் வந்தது.

பெண் பிரின்சி, பொன்னேரி. ஆஸ்பத்திரி லேபில் வேலை, மாதம் இருபத்தெட்டாயிரம். தாயில்லாத பெண். அப்பா தானியேல் ஒரு தொழிற்சாலையில் காவல் வேலை பார்த்து, அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டதால் சும்மா இருக்கிறவர். சர்ச் ஐயர் மூலமாக வந்த இடம். இவ்வளவு சம்பளக்காரப் பெண்ணை இவனுக்கு எதற்குக் கொடுக்கிறார்கள் என்று முத்தம்மாவுக்கு உள்ளுக்குள் உதைத்தது. ஆனால் தானியேல் மாப்பிள்ளை பார்க்க வந்தபோது நடந்துகொண்ட விதத்தில் அந்தச் சந்தேகம் கரைந்துவிட்டது.

"தம்பி சம்பளம் இன்னா?" என்று கேட்டார்.

சாம்சன் கூச்சத்தோடு சொன்னான்.

"போதும். இந்த வருசம் ஏத்தித் தருவாங்களா?"

"இல்ல மாமா. அடுத்த வருசம்தான் பாக்கணும்."

"ரொம்ப நல்லது" என்றார் தானியேல்.

இப்படி ஒரு மனுஷனா என்று முத்தம்மா அன்றைக்கு உருகிப் போனாள். பெண்ணுக்கும் பையனுக்கும் பிடித்துப்போனது. சர்ச்சில் மூன்று ஞாயிறு ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, படித்துவிட்டுக் கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாம் என்று பேச்சானது.

ஓலை படிக்க பத்து நாள் இருக்கும்போது தானியேலிடமிருந்து போன் வந்தது. முத்தம்மாதான் எடுத்தாள். ஒரு வியாழக்கிழமை. ஷிப்டுக்கு இன்னும் பத்து நிமிடம்.

"அம்மா, தம்பிக்கு ஏற்கெனவே ஒரு பொண்ணு கீதாமே? காலேஜ் படிக்கிதாமே?"

முத்தம்மா கம்பெனி கேட்டிலேயே நின்றுவிட்டாள்.

"யாருண்ணா சொன்னது?"

"யாரும் சொல்லல. காலேஜ் ஆபீஸ்ல நானே பாத்தேன். தம்பி பேரத் தட்டனதும் கம்ப்யூட்டர்ல வந்துச்சு. பேரெல்லாம் காட்டல. மகள் ஒண்ணுன்னு மட்டும் போட்டுகீது."

"அண்ணா, அது வந்து இன்னான்னா..."

"ஒண்ணுதானா, இன்னும் கீதா? எனக்கு அது தெரிஞ்சாவணும்."

"ஐயோ, இன்னாண்ணா இப்பிடிக் கேக்கிறீங்க!"

"ஞாயித்துக்கெழம நேர்ல வர்றேன்" என்று தானியேல் வைத்துவிட்டார்.

பெண் வீட்டுக்காரர் காலேஜ் ஆபீஸ் வரைக்கும் போய் விசாரித்திருக்கிறார். இனி என்ன சொன்னாலும் மழுப்புவதாகத்தான் தெரியும். முத்தம்மா அன்று ஷிப்டில் விரிசல் விட்ட மூடிகளை நல்ல பெட்டியிலும் நல்ல மூடிகளைக் குப்பையிலும் போட்டாள். மறுநாள் வகுப்புக்குப் போகாமல் நேராக எபினேசரிடம் போனாள்.

"சார், அந்த மகள்ன்றத எடுத்துடுங்க."

"எடுத்தா விண்ணப்பம் விழுந்துடும்மா. இது வரைக்கும் வந்த பணத்தையும் திருப்பிக் கட்டணும்."

"அப்ப நான் நின்னுக்கிறேன் சார். எனக்குப் படிப்பு வேணாம். புள்ள கல்யாணமே பேஜாராப் பூடும் போலகீது."

எபினேசர் மறுபேச்சில்லாமல் இன்னொரு பாரத்தை எடுத்துக் கொடுத்தார். படிப்பை நிறுத்துவதற்கான விண்ணப்பம். "கீழ உங்க கார்டியன் கையெழுத்து வேணும்."

சாம்சன் அதை இரண்டு தடவை படித்தான். பிறகு மேசை மேல் வைத்துவிட்டான்.

"போடு நைனா."

"மாட்டேன்."

"உன் கல்யாணம்டா! அந்த ஆளு ஒண்ணுதானா இன்னும் கீதான்னு கேக்கிறாரு. நான் போற வயசுல ஒரு படிப்பப் புடிச்சிகினு உன் வாழ்க்கையக் கெடுக்கணுமா?"

"கல்யாணம் ஆவலன்னா போவுது. பதினாலு பேரு முன்னாடி நான் பொறுப்புன்னு சொல்லிட்டு வந்துகீறேன். அந்த மேடம் மூஞ்சில எப்பிடி முழிப்பேன்?"

"சாம்சா..."

"இருபத்தஞ்சுக்குப் பதினெட்டு எடுத்துகினு கீற. ஆறு மாசம் கீது. சூப்பர்வைசர் சீட்டுல நீ உக்காந்தப்புறம் எந்தப் பாரம் வேணும்னாலும் குடு, போடறேன்." அவன் அந்தக் காகிதத்தை நாலாகக் கிழித்தான். பிறகு குரலைக் கடுமையாக்கிக்கொண்டான். "இன்னிக்கு ஏன் கிளாஸுக்குப் போவல? மெசேஜ் வந்துச்சு."

முத்தம்மா புடவைத் தலைப்பில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நாற்பத்து நாலு வருடத்தில் அவள் படிப்பு நிற்கக் கூடாது என்று ஒருவரும் அடம்பிடித்ததில்லை. எட்டாவதில் ஒரு தடவை, பன்னிரண்டாவதில் ஒரு தடவை அது நின்றபோது வீட்டில் எல்லோருக்கும் வேறு வேலை இருந்தது. தாவீதுக்கும் கண் கலங்கிவிட்டது. ஆனால் தலையிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குத் தானியேல் தனியாக வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. முகத்தில் சிரிப்பில்லை. முத்தம்மா டீயைக் கொடுத்துவிட்டு, அடையாள அட்டை, விண்ணப்ப நகல், சாம்சனின் பிறப்புச் சான்றிதழ், தன்னுடைய ஆதார் எல்லாவற்றையும் அவர் முன்னால் பரப்பினாள். ஆகஸ்டிலிருந்து நடந்தது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். சர்ச்சில் சாட்சி சொல்கிறவள் போல நெஞ்சில் கை வைத்துச் சொன்னாள்.

தானியேல் ஒவ்வொரு காகிதமாக எடுத்துக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"அப்ப அந்தப் பொண்ணு நீங்கதானா?"

"நான்தாண்ணா."

"வேற யாரும் இல்ல?"

"சத்தியமா இல்லண்ணா. எம் புள்ள ஒரு பொண்ண நிமிந்து பாத்தவன் கெடையாது."

"புதுசா யாரும் சேரப் போறதில்லியே? தாவீது அண்ணன் எதுனா படிக்கிறாப்புல உத்தேசம்?"

"எனக்குச் சமையலே சரியாப் போவுது" என்றார் தாவீது.

தானியேல் நீளமாக மூச்சு விட்டார். முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து மடித்த ஒரு பாரத்தை எடுத்து விரித்தார். முழங்காலில் வைத்துத் தடவி நேராக்கினார். பேனாவின் மூடியையும் தாமே கழற்றி, இரண்டையும் சேர்த்து சாம்சனிடம் நீட்டினார்.

"ஒரு கார்டியன் ரெண்டு பேரு வரைக்கும் போடலாமாம் மாப்ள. அதே காலேஜ்ல சாயங்கால பேட்ச்ல நான் ஏசி மெக்கானிக் படிக்கிறேன். பிரின்சி சம்பளம் லிமிட்டத் தாண்டிடுச்சு, அதான் ஆகஸ்ட் மாசத்துலேருந்து ஒரு மருமகனத் தேடி அலைஞ்சிகினு கீறேன்."